உண்டு உறைந்து கற்றல்: மாணவர் விடுதிகளின் ஒரு நூற்றாண்டு

இந்தியக் கல்லூரிகளில் வேரூன்றியிருந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து நடந்த முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் இடஒதுக்கீட்டு ஆணைகள், அவற்றின் மீதான வழக்குகள், தீர்ப்புகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த ஆணைகளின் பெருமை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும், கல்லூரியில் ஓர் இடத்தைப் பெற்ற மாணவர் அன்றிரவு எங்கே படுப்பார், மறுநாள் காலையில் யார் கையால் எந்தப் பந்தியில் உண்பார் என்ற கேள்விக்கு எந்தச் சேர்க்கை ஆணையும் விடை சொன்னதில்லை. அதற்கு விடை தேடியவர்கள் சமஸ்தான அரசர்களும் மருத்துவர்களும் துறவிகளும் இளம் விதவைகளும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆவர். அவர்கள் கண்ட வழி மாணவர் விடுதி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மேற்கு இந்தியாவிலும் சென்னை மாகாணத்திலும் தோன்றிய இவ்விடுதிகளே, பள்ளியிறுதியோடு நின்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையைப் பட்டதாரிகளாக்கின. அதே வேளையில், சாதி தன் வேலிகளைப் புதிய இடத்தில் மீண்டும் நட்டுக்கொண்டதும் இவ்விடுதிகளுக்குள்ளேதான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்ட பிறகு நெடுங்காலம் கல்லூரிகள் சில நகரங்களிலேயே இருந்தன. சென்னை நீங்கலாகக் கும்பகோணம், திருச்சிராப்பள்ளி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற ஊர்களுக்கு வந்துதான் சிற்றூர் மாணவர் பட்டப்படிப்பைத் தொடர முடிந்தது. வந்தவர் தங்குவதற்குச் சாதி சாராத பொது ஏற்பாடு ஏறத்தாழ எதுவும் இல்லை. உறவினர் வீடு, சாதிச் சத்திரம், சாதி பார்த்து நடத்தப்பட்ட சாப்பாட்டுக் கடை, சாதி கேட்டு வாடகைக்கு விடப்பட்ட அறை ஆகியவையே இருந்தன. ஏழைப் பிராமண மாணவருக்கு வாரச் சாப்பாடு என்ற ஏற்பாடு கைகொடுத்தது. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு வீடுகளை ஏற்படுத்திக்கொண்டு, நாளுக்கொரு வீடாகச் சென்று உண்டு படிக்கும் வழக்கம் அது. மராட்டியப் பகுதியிலும் இதே வழக்கம் இருந்தது. கூச்சமும் பசியும் கலந்த அந்த வாழ்க்கையை எளிதென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும், அக்கிரகாரம் இருந்த ஒவ்வொரு கல்லூரி நகரத்திலும் ஏழைப் பிராமணச் சிறுவனுக்கு ஏழு இலைகள் காத்திருந்தன என்பதும், உழவு, நெசவு, கூலி வேலை ஆகியவற்றால் வாழ்ந்த குடும்பத்துச் சிறுவனுக்கு ஓர் இலைகூட இல்லை என்பதும் அக்காலத்தின் பட்டதாரிக் கணக்கை விளக்கும் காரணங்களுள் முதன்மையானவை. 1901 முதல் 1911 வரை சென்னைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பட்டதாரிகளில் பிராமணர் 4,074 பேர், பிராமணரல்லாத இந்துக்கள் 1,035 பேர், இந்தியக் கிறித்தவர் 306 பேர், முஸ்லிம்கள் 69 பேர். மாகாண மக்கள்தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூவர் அளவே இருந்தனர்.

விடுதியை ஏற்றத்தாழ்வை எதிர்க்கும் கருவியாக முதன்முதலில் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர்களுள் கோலாப்பூர் சமஸ்தானத்தின் சாகு மகாராஜாவுக்குத் தனியிடம் உண்டு. 1894இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அவர், சமஸ்தானப் பணிகளில் காலியாகும் இடங்களில் பாதியைப் பின்தங்கிய வகுப்பினருக்கு ஒதுக்கி 1902இல் ஆணை பிறப்பித்ததைப் பலரும் அறிவர். அந்த ஆணைக்கு ஓராண்டு முன்னரே, 1901இல், மராத்தா மாணவருக்கான விக்டோரியா விடுதியும் சமணர் விடுதியும் கோலாப்பூரில் தொடங்கிவிட்டன என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. வேலையை ஒதுக்கினால் அதற்குரிய படிப்பை முடித்தவர் வேண்டும். படிப்பை முடிக்க நகரத்தில் தங்க வேண்டும். தங்க ஓர் இடம் வேண்டும். ஆணைக்கு முன்பே விடுதி தோன்றிய இந்த வரிசையில் சாகுவின் நிர்வாக நுட்பம் வெளிப்படுகிறது. பின்வந்த அரசுகள் பல, இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இடத்தை முதலில் அறிவித்து, தங்குமிடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விளைவைத் தலைமுறை தலைமுறையாக ஏழை மாணவர் சுமந்துள்ளனர்.

எல்லாச் சாதியாருக்கும் பொதுவான விடுதி ஒன்றே கோலாப்பூரில் முதலில் முயன்று பார்க்கப்பட்டதாகவும், அது நடைமுறையில் ஒரே சாதி மாணவரின் இருப்பிடமாக மாறிவிட்டதாகவும், அதன் பிறகே ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி விடுதி என்ற முடிவுக்குச் சாகு வந்ததாகவும் வரலாற்றாசிரியர் கூறுவர். முஸ்லிம் மாணவருக்கும் லிங்காயத்து மாணவருக்கும் அடுத்தடுத்து விடுதிகள் எழுந்தன. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிகளின் மாணவருக்காக 1908இல், அன்றைய பம்பாய் ஆளுநரின் மகள் பெயரால், மிஸ் கிளார்க் விடுதி தொடங்கப்பட்டது. சமஸ்தானம் நிலமும் மானியமும் தந்தது. அந்தந்தச் சமூகத்தின் செல்வர் நன்கொடை தந்தனர். தம் சாதிப் பிள்ளைக்கென்றால் பணப்பையைத் திறக்கும் செல்வர், பொதுப் பிள்ளைக்கென்றால் திறக்கமாட்டார் என்ற கசப்பான உண்மையை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்ட ஏற்பாடு இது. சாதியை ஒழிக்க விரும்பிய ஓர் அரசர் சாதிக்கொரு விடுதி கட்ட நேர்ந்ததில் உள்ள முரண்பாட்டை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அடுத்த கல்வியாண்டில் சேரவிருந்த மாணவர் சாதி ஒழியும் நாள்வரை காத்திருக்க இயலாது.

சென்னையில் இதே தேவையை உணர்ந்தவர் மருத்துவர் சி. நடேச முதலியார். திருவல்லிக்கேணியில் 1916இல் அவர் தொடங்கிய திராவிடர் இல்லம், வெளியூரிலிருந்து வந்து சென்னைக் கல்லூரிகளில் பயின்ற பிராமணரல்லாத மாணவருக்குத் தங்குமிடமும் உணவும் அளித்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம், அதாவது நீதிக்கட்சி எனப் பின்னர் அறியப்பட்ட அமைப்பு, அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் உருவாயிற்று. எனவே அந்த அரசியல் இயக்கத்துக்கு முன்பே அதன் விடுதி பிறந்துவிட்டது எனலாம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பின்னாளில் விளங்கிய டி.எம். நாராயணசாமிப் பிள்ளையும் அங்கே தங்கிப் படித்தவர்கள். இத்தகைய இல்லம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. நிலமும் நிரந்தர வருவாயும் இல்லாமல், ஒரு மருத்துவரின் ஊக்கத்தையும் சில நண்பர்களின் கொடையையும் மட்டுமே நம்பி நடந்த நிறுவனம் நீடிப்பது அரிது. கோலாப்பூரில் அரசர் இருந்தார், திருவல்லிக்கேணியில் இல்லை. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து, பனகல் அரசரின் அமைச்சரவை கல்லூரிச் சேர்க்கைக்குத் தேர்வுக்குழுக்களை ஏற்படுத்தியபோது, விடுதிகளையும் அதே வேகத்தில் பெருக்கியிருந்தால் மாகாணத்தின் கல்வி வரலாறு இன்னும் விரைவாக மாறியிருக்கும்.

திருவல்லிக்கேணிக் கடற்கரையிலேயே, திராவிடர் இல்லத்துக்கு நெடுந்தொலைவில் அல்லாத ஒரு கட்டடத்தில், வேறொரு வகை விலக்கத்தை எதிர்த்த விடுதியும் நடந்தது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்று, 1897இல் விவேகானந்தர் தங்கிச் சென்ற அக்கட்டடம், இளம் விதவைகள் தங்கிப் படிக்கும் இல்லமாயிற்று. அதை நடத்திய சகோதரி சுப்புலட்சுமி 1886இல் பிறந்தவர். சிறுமியாக மணம் செய்விக்கப்பட்டுச் சில காலத்துக்குள் கணவனை இழந்தவர். பெற்றோரின் துணையால் படித்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மறு ஆண்டே, தம்மைப் போன்ற பெண்களுக்காக எழும்பூரில் ஒரு வீட்டில் அவர் தொடங்கிய சிறு இல்லம், கல்வித்துறை ஆய்வாளராக இருந்த லிஞ்ச் என்ற பெண் அலுவலரின் ஆதரவாலும் அரசு மானியத்தாலும் வளர்ந்து, பின்னர் ஐஸ் ஹவுசுக்குக் குடிபெயர்ந்தது. 1914இல் மெரினாவில் அரசின் பெண்கள் கல்லூரி திறக்கப்பட்டு, பின்பு இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கே படிக்க விரும்பிய விதவைகளுக்கு ஐஸ் ஹவுஸ் கூரையாக அமைந்தது.

இந்த இல்லத்தின் உள்ளமைப்பை நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. தலைமழிக்கப்பட்டு, ஒருவேளை உணவு, வெறுந்தரைப் படுக்கை, நல்ல காரியங்களில் முகங்காட்டாமை ஆகிய கட்டுப்பாடுகளுக்குள் வீட்டின் பின்கட்டில் வாழ்ந்த சிறுமியைக் கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோர் சம்மதிக்க வேண்டுமானால், இல்லத்துச் சமையலறை அவர்கள் வீட்டு ஆசாரத்தைக் காக்கும் என்ற உறுதி அவர்களுக்குத் தேவைப்பட்டது. சுப்புலட்சுமி அந்த உறுதியைத் தந்தார். ஆகவே இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. சமூகத்தின் ஒரு கொடுமையை உடைப்பதற்காக அதன் இன்னொரு கொடுமைக்கு இணங்கிப்போன இந்த ஏற்பாட்டை, அது மீட்டெடுத்த உயிர்களை மறந்துவிட்டுப் பழிப்பதும் தவறு; பொதுப்பணத்தில் நடந்த ஓர் இல்லத்தில் மற்றச் சாதி விதவைகளுக்கு இடமில்லாமற் போனதை அந்தச் சாதனையின் ஒளியில் மறைப்பதும் தவறு. அங்கிருந்து வெளிவந்த பெண்கள் மாகாணமெங்கும் பள்ளி ஆசிரியைகளாகப் பரவியதும், அவர்களிடம் பயின்ற சிறுமியர் பல சாதியினர் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவையே.

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, அவ்வூர் மன்னர் கல்லூரியில் மாணவர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகச் சேர்ந்தபோது, அவர்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகளை, அதுவும் ஒரு பெண்ணை, கல்லூரியில் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை மீறி, புதுக்கோட்டை மன்னர் இசைவளித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலுக்கு, 1930இல், அம்முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியர் புகலிடம் கேட்டு வந்தனர். நகரத்து விடுதிகளோ, பிராமணருக்கு இது, பிராமணரல்லாதாருக்கு அது எனப் பிரிந்து கிடந்தன; இரண்டிலும் அச்சிறுமியருக்கு இடம் கிடைக்கவில்லை. தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்ட அவர், சாதியும் பிறப்பும் கேளாத ஔவை இல்லத்தை நிறுவினார். அது பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. திரைக்குப் பின்னே படித்த ஒருவர் அமைத்த இல்லம் பிறப்பைக் கேளாமல் இருந்ததில் வியப்பில்லை.

தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மாணவரைப் பொறுத்தவரை, சிக்கல் விடுதிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட தெருவிலேயே தொடங்கியது. பொதுத் தெருக்களிலும் பொதுக் கட்டடங்களிலும் எல்லாரும் நடமாட உரிமை உண்டு என்ற தீர்மானத்தை ரெட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது; அதாவது, பல்கலைக்கழகம் தோன்றி அறுபத்தேழு ஆண்டுகள் கழித்தும், மாணவர் தெருவில் நடந்து கல்லூரிக்குச் செல்லும் உரிமையைத் தீர்மானம் போட்டே உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் அருமை இந்தப் பின்னணியில்தான் விளங்கும். நந்தனாரின் பெயரைச் சுமந்த மடமும் பள்ளியும் விடுதியும், நந்தனார் நுழைய ஏங்கி நின்றதாகப் பெரியபுராணம் சொல்லும் அதே ஊரில் எழுந்தன. 1929இல் அவ்வூரிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, சுற்றுவட்டாரத்துச் சேரிகளிலிருந்து வந்து நந்தனார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது. சென்னையில் எம்.சி. ராஜா போன்றோர் மன்றத்தில் எழுப்பிய கோரிக்கைகளின் விளைவாகவும், 1920 வாக்கில் உருவான தொழிலாளர் ஆணையர் துறையின் வழியாகவும், பள்ளிகளும் உதவித்தொகைகளும் சிறு விடுதிகளும் மெல்ல வந்தன. சைதாப்பேட்டையிலுள்ள கல்லூரி மாணவர் விடுதி இன்றும் எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்குகிறது.

ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் தங்குவதைப் பொறுத்துக்கொண்ட சமூகம், அவர்கள் ஒரே பந்தியில் உண்பதைப் பொறுக்கவில்லை. இதைத் தமிழகத்துக்கு மறக்க முடியாதபடி உணர்த்தியது சேரன்மாதேவி குருகுலம். கல்லூரி அன்று, சிறுவருக்கான பள்ளியே எனினும், பின்வந்த எல்லா விடுதிகளின் விதியையும் அது தொட்டது. ஆங்கிலேயரை எதிர்த்து வெளிநாடுகளில் தலைமறைவாக வாழ்ந்து திரும்பிய வ.வே.சு. ஐயர், தமிழ்க் கல்வியையும் நாட்டுப்பற்றையும் ஊட்டும் குருகுலம் ஒன்றைத் தாமிரபரணிக் கரையில் நடத்தினார். அதற்கு எல்லாச் சாதியினரும் நன்கொடை தந்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் குழுவும் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. இரண்டு பிராமணச் சிறுவர் மட்டும் தனியே அமர்ந்து உண்ண அனுமதிக்கப்படுகின்றனர் என்ற செய்தி வெளியே வந்தபோது புயல் எழுந்தது. அச்சிறுவரின் பெற்றோருக்கு அளித்த வாக்கை மீற இயலாது என்பது ஐயரின் நிலை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் ஒரு குழந்தைக்கு முதல் பந்தியும் இன்னொரு குழந்தைக்கு இரண்டாம் பந்தியும் கூடாது என்பது பெ. வரதராஜுலு நாயுடு, ஈ.வெ. ராமசாமி ஆகியோரின் நிலை. இச்சிக்கல் காந்தியிடம் சென்றபோது, ஏற்கெனவே வாக்களிக்கப்பட்ட இருவரை அப்படியே விட்டு, இனிமேல் அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்க்கக் கூடாது என்ற இணக்க வழியை அவர் முன்வைத்தார். அது எவரையும் நிறைவு செய்யவில்லை. பொறுப்பிலிருந்து விலகிய ஐயர், 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ. ராமசாமி வெளியேறி, காங்கிரசைவிட்டு விலகினார். இரண்டு சிறுவரின் இலை எங்கே போடப்பட வேண்டும் என்பதில் தொடங்கிய வழக்கு, மாகாணத்தின் அரசியலையே இரண்டாகப் பிளந்தது. அற்பமான சச்சரவு என்று அன்று பலர் இதை ஒதுக்க முயன்றனர். உடன் உண்ண மறுக்கப்பட்ட குழந்தை தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேரன்மாதேவியில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மராட்டியத்தின் சாத்தாராவில் ஒருவர் இந்தச் சிக்கலுக்கு நேரெதிரான விடையைச் செயலில் காட்டினார். பாவுராவ் பாட்டீல் என்ற அவர், சமண உழவர் குடும்பத்தில் பிறந்து, கோலாப்பூரின் சமணர் விடுதியில் தங்கிப் படித்தவர். மிஸ் கிளார்க் விடுதியின் திறப்பு விழாவுக்குச் சென்று வந்தபின், தீட்டுக் கழிக்கக் குளிக்க வேண்டும் என்ற விடுதி விதிக்கு இணங்க மறுத்ததால் அவர் வெளியேற்றப்பட்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறும். சாதிக்கொரு விடுதி என்ற ஏற்பாடு எத்துணைப் பேரைப் படிக்க வைத்தாலும், உள்ளே அது எதைக் கற்பிக்கிறது என்பதைத் தம் உடலால் அறிந்த அவர், 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் குடியானவர் கல்விச் சங்கத்தை நிறுவி, 1924இல் சாத்தாராவில் எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து வாழும் விடுதியைத் தொடங்கினார். 1927இல் அங்கு வந்த காந்தி அதற்குச் சாகு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார். மாணவரே தண்ணீர் இறைத்தனர், மாவு அரைத்தனர், சமைத்தனர், பரிமாறினர், தோட்டத்தில் உழைத்தனர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மகர் சாதிச் சிறுவன் பிசைந்த மாவில் சுட்ட சோளரொட்டியை மராத்தாச் சிறுவனும் சமணச் சிறுவனும் உண்ணும்படி வேலை முறை அமைந்திருந்ததால், தனிப்பந்தி என்ற கேள்வி எழுவதற்கே அங்கு இடமில்லை. பணம் தீர்ந்த நாள்களில் பாவுராவின் மனைவி லட்சுமிபாய் தம் நகைகளையும், இறுதியில் தாலியையும் விற்று மாணவருக்கு உணவளித்தார். உழைத்துக்கொண்டே படித்தல் என்ற அந்த முறை, 1947இல் சாத்தாராவில் அச்சங்கம் தொடங்கிய சிவாஜி கல்லூரியில் பட்டப்படிப்பு வரை நீண்டது. உழைப்பு அங்கே ஏழை மாணவருக்கான தண்டனையாக அன்றி, எல்லாருக்கும் பொதுவான பாடமாகவே வைக்கப்பட்டது.

அம்பேத்கரின் வழி, சாகுவின் வழியிலிருந்தும் பாவுராவின் வழியிலிருந்தும் சற்றே வேறுபட்டது. 1942இல் அரசப் பிரதிநிதிக்கு அளித்த விண்ணப்பத்தில், பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கு மைய அரசு நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் விளைவாக ஆண்டுதோறும் 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. பள்ளியிறுதிக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் அவ்வாறு உருவானதே. 1946இல் பம்பாயில் அவர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரியில், அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்த இளைஞர் பணிக்குச் செல்லுமுன் படித்துவிடும்படி வகுப்புகள் அதிகாலையில் நடத்தப்பட்டன. ஏழை மாணவர் தம் நாளைக் கல்லூரிக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே உலக வழக்கு. இங்கே கல்லூரி தன் கடிகாரத்தை அவர்களுக்கேற்ப மாற்றிக்கொண்டது. 1950இல் அன்றைய ஐதராபாத் மாநிலத்தைச் சேர்ந்த ஔரங்காபாத்தில் தொடங்கப்பட்டு, மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரி, மராத்வாடாவின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த தலித் மாணவருக்கு வளாகத்திலேயே விடுதி தந்தது. மராத்தி தலித் இலக்கியத்தின் முன்னோடிகள் பலர் அவ்வளாகத்தில் உருவானவர்கள்.

விடுதலைக்குப் பின் வந்த சட்ட வரலாற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணை 1951 ஏப்ரலில் செல்லாததாக்கப்பட்டதும், அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே ஆண்டு ஜூனில் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் பரவலாக அறியப்பட்டவை. பின்னர்த் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 2007-08ஆம் கல்வியாண்டு முதல் கைவிடப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2010இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஒவ்வொன்றும் சேர்க்கைப் பட்டியலின் முகத்தை மாற்றியது. இவற்றோடு ஒப்பிடுகையில், ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் ஆயிரக்கணக்கான அரசு விடுதிகளைப் பற்றி ஆய்வாளரும் அரசியலாரும் எழுதியது மிகக் குறைவு. வாடகைக் கட்டடங்களில், ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்து, காப்பாளர் வந்தால் வந்தார் என்ற நிலையில் நடந்த விடுதிகளிலிருந்தும் மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆட்சியர்களும் வெளிவந்திருக்கின்றனர் என்பது அவ்விடுதிகளின் தேவைக்குச் சான்றே அன்றி, அவற்றின் தரத்துக்குச் சான்றாகாது.

சாகுவின் காலத்துச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. துறைக்கொரு விடுதி என்ற ஏற்பாட்டில் கோலாப்பூரின் சாதிக்கொரு விடுதி இன்னும் உயிர்வாழ்கிறது. விடுதியின் பெயரைச் சொன்னாலே மாணவரின் சாதி தெரிந்துவிடும் நிலையால், கல்லூரியில் தம் முகவரியைச் சொல்லத் தயங்கிய மாணவர் எண்ணற்றோர். பொது விடுதிகளின் நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. டில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நடத்தப்படும் முறையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, தொல்லை தாங்காமல் அம்மாணவர் விடுதிகளின் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை 2007இல் அளித்த அறிக்கையில் பதிவு செய்தது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உள்ளிட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் திறந்தவெளியில் கூடாரமிட்டுத் தங்கினர். அவ்விடத்துக்கு அவர்கள் வெலிவாடா, அதாவது ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட சேரி, என்று பெயரிட்டனர். 2016 ஜனவரியில் ரோகித் உயிரை மாய்த்துக்கொண்டார். விடுதி அறையின் சாவியைப் பறிப்பது ஒரு மாணவரிடமிருந்து எவ்வளவைப் பறிப்பதாகும் என்பதை அந்தப் பெயரே உரைக்கும்.

தமிழ்நாடு அரசு தன் பல்வேறு நலத்துறைகளின் விடுதிகள் அனைத்துக்கும் சமூகநீதி விடுதி என்ற ஒரே பெயரை 2025 ஜூலையில் சூட்டியது. பெயர்ப்பலகையில் சாதி தெரியக் கூடாது என்ற நோக்கம் வரவேற்கத்தக்கது. நூறாண்டுக்கும் மேலாக நீடித்த ஒரு கூச்சத்தை அது ஓரளவு நீக்கக்கூடும். ஆயினும் விடுதிகள் அந்தந்தத் துறையின் பொறுப்பிலேயே, அந்தந்தத் துறையின் நிதியிலேயே, பெரும்பாலும் அந்தந்தப் பிரிவு மாணவரைக் கொண்டே தொடர்கின்றன. சாத்தாராவில் நடந்ததுபோல எல்லாரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ணும் விடுதியாக அவை மாறுவதற்குப் பெயர்ப்பலகைக்கு அப்பாலும் நிர்வாகத் துணிவு தேவைப்படும். உணவுக்கான ஒதுக்கீடும் அதே கவனத்தைக் கேட்கிறது. கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 ரூபாய் வரும் இத்தொகைக்குள் காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளை உணவையும், வாரத்தில் சில நாள் முட்டையையும் இறைச்சியையும் சேர்த்து, இருபது வயது இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் வயிறு நிறையத் தர வேண்டிய பொறுப்பு விடுதிச் சமையலர் மீதும் காப்பாளர் மீதும் விழுகிறது.